சுடச்சுட ஒரு சரித்திரம்!

பழைய ராணுவ ரைஃபிள்களை மியூசியத்துல பார்த்திருப்பீங்க, வீடியோ கேம்ல சுட்டிருப்பீங்க. வெர்னியர் காலிப்பர் வெச்சு அளந்து பார்த்திருக்கீங்களா? அளந்தா, யாரு யாரை நம்பலைங்கிற கதை வெளிய வரும்!

பொட்டிபுரம்னு சொன்னாலே, ‘ஓ... அந்த நியூட்ரினோ ஊரா?’ன்னுதான் கேட்குறாங்க. எங்க ஊரு மலையைக் குடையலாமா, கூடாதான்னு தமிழ்நாடே பட்டிமன்றம் போட்டு முடிச்சாச்சு. இந்த வாரம் மேட்டர் வேற. போடியில இருந்து போடிமெட்டுக்கு ஏறுற ஏலக்காய் மலைச் சரிவுகள்ல, காட்டுப்பன்றி பேச்சு வந்தா கூடவே வர்ற இன்னொரு பேச்சு இருக்கு. அதுதான் நாட்டுத் துப்பாக்கி!

பேப்பர்ல அடிக்கடி பார்த்திருப்பீங்க... ‘உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்’னு ஒரு மூலையில நாலு வரி நியூஸ். அந்தத் துப்பாக்கிக்கும், 1857-ல இந்தியாவையே புரட்டிப்போட்ட என்ஃபீல்டு ரைஃபிளுக்கும் உள்ளே ஓடுற மெக்கானிசம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு சொன்னா நம்புவீங்களா?

பொட்டு கேப் டெக்னாலஜி!

தீபாவளிக்குச் சின்ன வயசுல பொம்மைத் துப்பாக்கியில பொட்டு கேப் வெச்சுச் சுட்டோம்ல... அதேதான்! தட்டினா வெடிக்கிற மருந்து கொஞ்சம். நிஜத் துப்பாக்கியில அது குட்டி செம்புத் தொப்பிக்குள்ள இருக்கும். சுத்தியல் மாதிரி ஒரு பாகம் வந்து அதைத் தட்டும். அந்தப் பொறி ஓட்டை வழியா உள்ளே போய் கரிமருந்தைப் பத்த வைக்கும். டமால்!

மருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியா போட்டு, கம்பியால இடிச்சு இறக்கணும். இந்த டெக்னாலஜி உலக ராணுவங்கள்ல 150 வருஷத்துக்கு முன்னாடியே ரிட்டயர்டு ஆயிடுச்சு. ஆனா நம்ம ஆயுதச் சட்டம் 1959-ல, பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து இடிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர இன்னிக்கும் தனியா இடம் இருக்கு. அதாவது, மியூசியத்துல இருக்க வேண்டிய டெக்னாலஜிக்கு மலைக்காட்டுல இன்னும் வேலை இருக்கு!

நாட்டுத் துப்பாக்கியோட பெரியண்ணன்தான் 1853 மாடல் என்ஃபீல்டு. ஒரே வித்தியாசம், அண்ணனோட குழலுக்குள்ள மூணு திருகு வரி ஓடும். அதுக்குப் பேருதான் ரைஃபிளிங். ‘ரைஃபிள்’ங்கிற பேரே அதுல இருந்து வந்ததுதான்.

திருகு வரி எதுக்கு? பம்பரம் ஏன் விழாம நிக்குது? சுத்துறதால! குண்டும் அப்படித்தான். சுத்திக்கிட்டே போனா தள்ளாடாம நேராப் போகும். டைனமிக்ஸ் பேப்பர்ல கைரோஸ்கோப்னு படிச்சு பயந்தோமே, அதேதான் பாஸ்.

என்ஃபீல்டு குழல் 39 அங்குல நீளம். திருகு வரி 78 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுத்து. சின்னக் கணக்கு போடுங்க... குண்டு வெளிய வர்றதுக்குள்ள சுத்துறது வெறும் அரைச் சுத்து. இந்த அரைச் சுத்துதான் ஆட்டத்தையே மாத்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்த ‘பிரவுன் பெஸ்’ மஸ்கெட்டுக்கு வரி கிடையாது. நூறு கஜத்தைத் தாண்டிட்டா குண்டு யார் மேல படும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். என்ஃபீல்டு பல நூறு கஜத்துக்குக் குறி வைக்கிற மாதிரி அளவு போட்ட பார்வைப் பட்டையோட வந்துச்சு.

மெக்கானிக்கல் மக்களுக்கு இன்னொரு போனஸ். லண்டன் பக்கத்துல இருந்த என்ஃபீல்டு தொழிற்சாலையில, 1850-கள்ல அமெரிக்க மெஷின்களை இறக்கி, எந்த ரைஃபிளோட பாகத்தையும் எந்த ரைஃபிள்லயும் மாட்டலாம்ங்கிற முறையைக் கொண்டுவந்தாங்க. மெட்ராலஜி பேப்பர்ல ‘இன்டர்சேஞ்சபிலிட்டி’ன்னு ரெண்டு மார்க் கேள்வி வருமே... அதோட தாய்வீட்டுல இதுவும் ஒண்ணு. மெஷின் டிராயிங்ல 55 டிகிரி கோணத்துல மரை வரைஞ்சு கை வலிச்சிருக்குமே, அந்த விட்வொர்த்தும் ரைஃபிள் செஞ்சவர்தான்! அவரோட குழல் உள்ளே அறுகோணம். 1860-ல இங்கிலாந்துல தேசிய ரைஃபிள் சங்கத்தோட முதல் போட்டியைத் தொடங்கி வெச்ச விக்டோரியா மகாராணி, ஸ்டாண்டுல பொருத்தி வெச்சிருந்த ஒரு விட்வொர்த் ரைஃபிளோட பட்டுக்கயிறை இழுத்துத்தான் முதல் குண்டைச் சுட்டாங்க.

ரெண்டு மில்லிமீட்டர் சந்தேகம்

என்ஃபீல்டு தோட்டா ஒரு பேப்பர் பொட்டலம். பல்லால கடிச்சுக் கிழிச்சு மருந்தைக் கொட்டணும். அதுல தடவின கொழுப்பு மாட்டோடதா, பன்றியோடதான்னு கிளம்பின பேச்சும், 1857 மார்ச் 29-ல பாரக்பூர்ல மங்கள் பாண்டே துப்பாக்கி தூக்கினதும் ஸ்கூல் புக்குலயே இருக்கு. அமீர்கான் படமும் 2005-ல வந்தாச்சு. அந்தக் கதை இங்க வேண்டாம்.

கலகம் அடங்கின பிறகு பிரிட்டிஷ்காரங்க என்ன செஞ்சாங்கங்கிறதை ஸ்கூல் புக்கு பெருசா சொல்லலை. இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுக்கறதுக்காக, அதே என்ஃபீல்டு துப்பாக்கியில வரியே இல்லாத ஒரு மாடலைக் கொண்டுவந்தாங்க. .577 அங்குலம் இருந்த குழலை .656 அங்குலமா அகலமாக்கினா, உள்ள இருந்த வரி காலி. முதல்ல குழலையே குடைஞ்சு பார்த்தாங்க. சுவர் ரொம்ப மெலிஞ்சு போச்சு. அதனால அடுத்த வருஷம், 1859-ல, தடிச்ச குழலோட தனி மாடலே போட்டாங்க. தூரத்துக்கு ஏத்த மாதிரி உயர்த்துற பார்வைப் பட்டையையும் எடுத்துட்டு, அசையாத ஒரு சின்னக் கட்டையை வெச்சாங்க.

வெளிய இருந்து பார்த்தா அசல் என்ஃபீல்டு. உள்ளே? ரைஃபிள்னே சொல்ல முடியாத வெறும் குழாய். .577-க்கும் .656-க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் ரெண்டு மில்லிமீட்டர். ‘நீ எனக்காகச் சண்டை போடணும்... ஆனா என்னை எதிர்த்துச் சண்டை போட்டா தோத்துடணும்’கிறதை மெக்கானிக்கல் டிராயிங்ல எழுதினா அது ரெண்டு மில்லிமீட்டர் வருது!

வெளிநாட்டுல பழைய ரைஃபிள் சேகரிக்கறவங்க இந்த மாடலைக் கையில எடுத்தா முதல்ல செய்யற வேலை, குழல் வாயை அளக்கறதுதான். அந்த ஒரு நம்பர் போதும், இது யாரு கைக்காகச் செஞ்சதுன்னு சொல்லிடலாம்.

எப்பவுமே ஒரு மாடல் பின்னாடி!

அண்ணன் போட்டு முடிச்ச சட்டை தம்பிக்கு வருமே, அந்த மாதிரிதான் அடுத்த அம்பது வருஷமும் ஓடுச்சு. 1860-களோட கடைசியில பிரிட்டிஷ் படைக்கு பின்பக்கமா தோட்டா போடுற ஸ்னைடர் வந்துச்சு. இந்தியச் சிப்பாய்ங்க கையில வாய்வழி இடிக்கிற பழசு. 1871-ல பிரிட்டிஷ் படை மார்ட்டினி-ஹென்றிக்கு மாறிச்சு, அதுக்கப்புறம் ஸ்னைடர் நம்மாளுங்களுக்கு இறங்கிச்சு. 1888-ல பிரிட்டிஷ் படைக்கு .303 லீ-மெட்ஃபோர்டு, மார்ட்டினி நமக்கு. பீரங்கிப் படையில கேட்கவே வேண்டாம். 1857-க்குப் பிறகு மலைப் பீரங்கி அணிகள் சிலது தவிர, பெரும்பாலும் வெள்ளைக்காரங்க கையிலேயே வெச்சுக்கிட்டாங்க.

இந்த ‘ஒரு மாடல் லேட்’ கொள்கை உடைஞ்சது எப்போ தெரியுமா? வெள்ளைக்காரங்களுக்கே நெருக்கடி வந்தப்போ! 1914 செப்டம்பர் கடைசியில இந்தியப் படை பிரான்ஸ் நாட்டு மார்செய் துறைமுகத்துல இறங்குச்சு. அங்கதான் அவங்க பழைய ரைஃபிளை வாங்கிக்கிட்டு, பிரிட்டிஷ் படை வெச்சிருந்த லேட்டஸ்ட் லீ-என்ஃபீல்டைக் கொடுத்தாங்க. பழகுறதுக்குச் சில வாரம்தான் டைம். அதுக்குள்ள ஜெர்மன்காரன் எதிர்ல!

அந்த லீ-என்ஃபீல்டுதான் நம்ம ஊரு போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல, பேங்க் வாசல்ல நாம பார்த்து வளர்ந்த ‘த்ரீ நாட் த்ரீ’. ‘கால் ஆஃப் டியூட்டி’ முதல் பார்ட்டுல பிரிட்டிஷ் சிப்பாயா ஆடினவங்களுக்கும் நல்லாத் தெரியும். பத்து தோட்டா, நாலு கிலோ எடை. குண்டு விநாடிக்கு 744 மீட்டர் வேகத்துல கிளம்பும். பத்து அங்குலத்துக்கு ஒரு சுத்துன்னு திருகு வரி. கால்குலேட்டர் எடுங்க... குண்டு விநாடிக்கு 2,900 தடவைக்கு மேல சுத்துது! பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் சிப்பாய் நிமிஷத்துக்கு 15 குண்டு குறி பார்த்துச் சுடணும்ங்கிறது அன்னிக்கு பாஸ் மார்க்.

‘லீ’ங்கிறது தோட்டா ஏத்துற பாகத்தை வடிவமைச்ச ஜேம்ஸ் பாரிஸ் லீ. ‘என்ஃபீல்டு’ங்கிறது திருகு வரியோட வகை. முதல்ல மெட்ஃபோர்டு வகை வரிதான் இருந்துச்சு. புகை இல்லாத கார்டைட் மருந்து வந்ததும், அந்தச் சூட்டுல மெட்ஃபோர்டோட ஆழமில்லாத வரி சீக்கிரம் தேஞ்சு போச்சு. அதனாலதான் 1895-ல ஆழமான என்ஃபீல்டு வரிக்கு மாறினாங்க. மெட்டீரியல் சயின்ஸ் எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்கு பாருங்க!

.303, .315, .410

ரைஃபிளைக் கல்கத்தா பக்கத்துல இஷாபூர்லயே செய்ய ஆரம்பிச்சாங்க. மங்கள் பாண்டேயோட பாரக்பூருக்குப் பக்கத்து ஊரு. இங்கயும் நம்பருக்குள்ள அரசியல்தான்.

ராணுவத் தோட்டாவை சிவிலியன் திருடிச் சுட்டுடக் கூடாதே... அதனால .303 போர் துப்பாக்கி பொதுமக்களுக்குக் கிடையாது. வேட்டைக்கு, பாதுகாப்புக்குன்னு கேட்டா .315. அதே லீ-என்ஃபீல்டு மெக்கானிசம்தான், குழலும் தோட்டாவும் வேற. ஒண்ணோட தோட்டா இன்னொண்ணுல செட் ஆகாது. சுதந்திரத்துக்கு அப்புறமும் இஷாபூர்ல இந்த .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளை லைசென்ஸ்காரங்களுக்காகச் செஞ்சாங்க.

அடுத்தது .410 மஸ்கெட். ஜெயில் காவலருக்கும் போலீஸுக்கும் கொடுக்கறதுக்காக, .303 ரைஃபிளையே வரி இல்லாத .410 குழலுக்கு மாத்தினாங்க. மேகசின் இருந்த இடத்துல ஒரு மரக்கட்டையைச் சொருகிட்டாங்க. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். யாராச்சும் பறிச்சுக்கிட்டு ஓடினாலும் ராணுவத் தோட்டா போட்டுச் சுட முடியாது. 1859-ல செஞ்ச அதே ஐடியா, அம்பது அறுபது வருஷம் கழிச்சு ரீமேக்!

இதுக்கெல்லாம் சட்டத் துணை 1878-ல லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம். இந்தியன் ஆயுதம் வெச்சுக்க லைசென்ஸ் வாங்கணும், ஐரோப்பியருக்கு விலக்கு. நிறம்தான் லைசென்ஸ்.

குழலுக்கு அந்தப் பக்கம்

சும்மா ‘கெத்து’க்காக துப்பாக்கியை ரசிக்கறவங்க ஒரு விஷயத்தை மறந்துடக் கூடாது. துப்பாக்கிக்கு ரெண்டு பக்கம் இருக்கு.

போடியில இருந்து தேனி, ஆண்டிபட்டி தாண்டி, கணவாய் இறங்கினா உசிலம்பட்டி வட்டாரம். அங்க பெருங்காமநல்லூர்னு ஒரு கிராமம். குற்றப் பரம்பரைச் சட்டத்துல ஊரையே பதிவு பண்ண வந்தாங்க. ‘பொறந்ததே குத்தமா?’ன்னு பிரமலைக் கள்ளர் சமூக மக்கள் எதிர்த்து நின்னாங்க. 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டுச்சு. மாயக்காள் என்கிற பெண் உட்பட 16 பேர் செத்தாங்க. அவங்களுக்கு அங்க நினைவுத்தூண் இருக்கு. எங்க பக்கத்துக்காரங்களுக்கு ஜாலியன்வாலா பாக்னு சொன்னா, கூடவே இந்த ஊரும் ஞாபகம் வரும்.

ரைஃபிளோட அழகைப் பத்திப் பேசறப்போ இந்தத் தூணையும் சேர்த்துத்தான் பேசணும். சிப்பாய்க்கு எந்த மாடல் கொடுக்கலாம்னு யோசிச்ச அரசாங்கம், ஜனங்க மேல எதைச் சுடலாம்னு யோசிச்சதா தெரியலை.

ஒரே ஏலக்காய், ரெண்டு சட்டம்

போடி மலையில ஏலக்காய் விளையற மாதிரியே, மேற்குத் தொடர்ச்சி மலையில வடக்கே போனா குடகுலயும் விளையுது. அங்கயும் காபி, மிளகு, காட்டுப்பன்றி எல்லாம் இருக்கு. ஆனா துப்பாக்கி விஷயத்துல குடகு தனி நாடு மாதிரி!

செப்டம்பர் மாசம் குடவர்கள் வீட்டுல ‘கைல்பொள்து’ன்னு ஒரு பண்டிகை. நமக்கு ஆயுத பூஜை மாதிரி. வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைச்சு, பூஜை ரூம்ல வெச்சு, பூச் சூட்டுவாங்க. அந்தப் பூவுக்கு அவங்க மொழியில ‘தோக் பூ’ன்னு பேரு. தோக்னா துப்பாக்கி. அது என்ன பூன்னு பார்த்தா... நம்ம தமிழ்நாட்டோட மாநிலப் பூ, செங்காந்தள்! பூஜை முடிஞ்சதும் உயரத்துல தேங்காயைக் கட்டி, குறி பார்த்துச் சுடற போட்டி. தாத்தா, பேரன், பாட்டி, பேத்தின்னு எல்லாரும் சுடுவாங்க. பழைய துப்பாக்கியைப் பாதுகாக்கறதும் சுடறதும் குடும்ப வழக்கமாவே இருக்கற இடம் இது.

இவங்களுக்கு எப்படி முடியுது? 1861-ல இருந்து குடவர்களுக்கும், ‘ஜம்மா’ நிலம் வெச்சிருக்கறவங்களுக்கும் ஆயுத லைசென்ஸ்ல இருந்து விலக்கு. குடகு ஆளுங்க விசுவாசமா இருந்தாங்கன்னு பிரிட்டிஷ் அரசாங்கம் கொடுத்த பரிசு. நாடு சுதந்திரம் அடைஞ்சு, 1959-ல புதுச் சட்டம் வந்தும் விலக்கு தொடர்ந்துச்சு. 2019-ல மத்திய அரசு இன்னும் பத்து வருஷத்துக்கு, 2029 வரைக்கும், நீட்டிச்சிருக்கு. ‘இது சமத்துவத்துக்கு எதிரானது’ன்னு போட்ட வழக்கை 2021-ல கர்நாடக ஹைகோர்ட் தள்ளுபடி பண்ணி, விலக்கு செல்லும்னு சொல்லிடுச்சு.

குடவர்களோட பண்பாட்டை நான் குறை சொல்ல வரலை. அந்தப் பண்டிகையைப் பார்க்கணும்னு எனக்கே ஆசை. ஆனா போடி மலையில ஒருத்தர் வெச்சிருந்தா பறிமுதல், குடகு மலையில ஒருத்தர் வெச்சிருந்தா பூஜை. இந்த வித்தியாசத்தோட வேர் எங்கன்னு தோண்டினா, 1857-ஐ ஒட்டி ‘யாரு நமக்கு விசுவாசமா இருந்தாங்க’ன்னு வெள்ளைக்காரன் போட்ட கணக்குல போய் முட்டுது. .656 அங்குலக் குழலும் அந்தக் கணக்குல வந்ததுதான்.

வாங்கலாமா... சுடலாமா?

இதைப் படிச்சதும் ஹாஸ்டல்ல ஒருத்தனாவது, ‘மாப்ள, ஒரு பழைய ரைஃபிள் வாங்கி ரூம்ல மாட்டுனா எப்டியிருக்கும்?’னு கேட்பான். பதில் சொல்லிடறேன்.

அமெரிக்காவுல 1898-ம் வருஷமோ, அதுக்கு முன்னாடியோ செஞ்ச துப்பாக்கி, அந்த நாட்டு மத்திய சட்டப்படி ‘ஆன்டிக்’. புதுத் துப்பாக்கிக்கு இருக்கற பல கட்டுப்பாடு அதுக்கு இல்லை. அதனாலதான் அங்க இது பெரிய ஹாபி. 2003-ல அமெரிக்க வியாபாரிங்க சேர்ந்து, நேபாளம் காட்மாண்டுல ‘லகன் சிலேகானா’ன்னு ஒரு பழைய அரண்மனைக் கிடங்கை மொத்தமா விலை பேசினாங்க. உள்ளே 50,000-க்கும் மேல பழைய துப்பாக்கிகள்! பிரவுன் பெஸ், மார்ட்டினி-ஹென்றி, நேபாளத்துலயே கையால செஞ்ச ‘கஹேந்திரா’ ரைஃபிள்னு மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. பாதி ரெண்டாம் தலைமுறைத் தூசி! எல்லாம் கப்பலேறி, துடைச்சு, இன்னிக்கு அமெரிக்க வீட்டுச் சுவர்கள்ல தொங்குது. தெற்காசியாவோட ஒரு முழு அத்தியாயம் இடம் மாறிடுச்சு.

நம்ம நாட்டுல வருஷக் கணக்கு கிடையாது. ஆயுதச் சட்டத்தோட 45-வது பிரிவு சொல்றது இதுதான்... பழைய காலத்து, தொல்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனா அது ரிப்பேர் பண்ணினாலும், பண்ணாட்டியும் சுடவே முடியாததா இருக்கணும். அங்க துப்பாக்கி கிழவனானா சட்டம் விலகும். இங்க செத்தாத்தான் விலகும்! ‘சேகரிக்கணும், சுடவும் செய்யணும்’னா லைசென்ஸ் இல்லாம வழியே இல்லை. அதுலயும் .303 தடை செய்யப்பட்ட போர். 2019 திருத்தத்துக்கு அப்புறம் சாதாரண ஆள் வெச்சுக்கக்கூடிய துப்பாக்கி ரெண்டுதான். தாத்தா சொத்தா வந்தாலும் இந்தக் கணக்குக்குள்ளதான் வரணும். லைசென்ஸ் வாங்க வயசு 21 ஆகணும். எனக்கே இன்னும் ஒரு வருஷம் பாக்கி!

நூறு வருஷத்துக்கு மேல பழசா இருந்தா இன்னொரு சட்டமும் உண்டு. 1972-ம் வருஷ தொல்பொருள் சட்டப்படி அதைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி பண்ண முடியாது. ஆன்லைன்ல டாலர் கனவு காணறவங்க கனவைக் கலைச்சுக்கலாம்.

அப்புறம் முக்கியமான வார்னிங். பரண்ல கிடைச்ச பழைய துப்பாக்கியை ‘வேலை செய்யுதா பார்ப்போம்’னு யாரும் சோதிக்கக் கூடாது. கரிமருந்து விட்டுட்டுப் போற கசடு ஈரத்தை இழுத்து, குழலை உள்ளேயே அரிச்சிருக்கும். வெளிய பளபளன்னு இருக்கும், உள்ளே விரிசல் இருக்கும். வெடிச்சா குழல் வாய் வழியாத்தான் வரும்னு கேரன்டி இல்லை, முகத்துப் பக்கமும் வரலாம். பரண்ல கிடைச்சா போலீஸ் ஸ்டேஷன்ல தகவல் சொல்றதுதான் ஒரே வழி. லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா ரெண்டு வருஷத்துல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்.

த்ரீ நாட் த்ரீ ரிட்டயர்டு!

சுதந்திரம் வந்ததும் நிலைமை மாறியிருக்கணுமே? 1962 சீனப் போர்ல நம்ம ஜவான்கள் நிறைய பேர் பனிமலையில நின்னது அதே .303-யோட. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால இழுத்து விடணும். எதிர்ப்பக்கம் தானா தோட்டா ஏறுற துப்பாக்கிகள். அதுக்கப்புறம் இஷாபூர்ல அதே லீ-என்ஃபீல்டை இன்னும் உறுதியான ஸ்டீல்ல, 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏத்த மாதிரி ‘2ஏ1’னு மறுபிறவி எடுக்க வெச்சாங்க. இந்தியாவே மாத்தி வடிவமைச்ச இந்த மாடலுக்கு வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் மத்தியில தனி ரசிகர் மன்றமே உண்டு.

2008 நவம்பர் 26 ராத்திரி மும்பை சி.எஸ்.டி. ஸ்டேஷன். தீவிரவாதிங்க கையில ஏ.கே.47. போலீஸ் கையில லத்தி, இல்லேன்னா .303. வெள்ளைக்காரன் காலத்துல வேணும்னே பழசைக் கொடுத்தான். நம்ம காலத்துல யாரும் வேணும்னு கொடுக்கலை, மாத்த மறந்துட்டோம். முன்னாடி நிக்கற கான்ஸ்டபிளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போட .303-க்கு விடை கொடுத்துச்சு. சேவை 75 வருஷம்!

இப்படி ரிட்டயர்டு ஆகற ரைஃபிளையெல்லாம் உருக்கி கம்பியாக்கிடாதீங்க சார்ங்கிறதுதான் இந்தக் கட்டுரையோட கோரிக்கை. எங்க காலேஜ் லேப்ல இன்ஜினை ரெண்டாப் பிளந்து ‘கட் செக்‌ஷன்’ மாடல் வெச்சிருக்காங்க. அதே மாதிரி சில ரைஃபிள்களைச் சுடவே முடியாதபடி பிளந்து, மாவட்ட மியூசியங்கள்ல வைக்கலாமே. பக்கத்துல ஒரு .315, ஒரு .410 மஸ்கெட். குழல் வாயை அளந்து பார்க்க ஒரு காலிப்பர். ஸ்கூல் பசங்க அளந்து பார்த்து, ‘ஏன் சார் இது மட்டும் பெருசா இருக்கு?’ன்னு ஒரு கேள்வி கேட்டாப் போதும். மிச்ச வரலாறு தானா வந்துடும்.

ஆசை இருந்தா... நேர்வழி இருக்கு!

* என்.சி.சி.: காலேஜ் பசங்களுக்கு ஈஸியான வழி. சுடறதுக்குக் கொடுக்கறது .22 ரைஃபிள். அதுல ‘நம்பர் 2 மார்க் 4’ங்கிறது பழைய லீ-என்ஃபீல்டு உருவத்துலயே பயிற்சிக்காகச் செஞ்ச தம்பி மாடல். கையில எடுத்தா நூறு வருஷ சரித்திரத்தோட எடை தெரியும்.

* ரைஃபிள் கிளப்: சென்னை, மதுரை, கோவை, திருச்சின்னு நம்ம மாநிலத்துல கிளப்புகள் இருக்கு. 2022-ல மாநிலப் போட்டிக்காக நடிகர் அஜித் வந்து சுட்டது திருச்சி ரைஃபிள் கிளப்லதான். லைசென்ஸ் வயசு ஆகாதவங்க பயிற்சிக்காகச் சுட சட்டத்துலயே வழி உண்டு.

* ஏர் ரைஃபிள்: .177 அளவு, 20 ஜூலுக்கு மேல போகாததுன்னா லைசென்ஸ் தேவையில்லை. .303 குண்டோட சக்தி சுமார் 3,100 ஜூல். கிட்டத்தட்ட 150 மடங்கு! ஆனாலும் ஏர் ரைஃபிள் கண்ணைப் பறிக்கும், ஜாக்கிரதை. ஒலிம்பிக்ல 10 மீட்டர் பிரிவு இதுலதான் நடக்குது.

* மியூசியம்: எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள், புனித ஜார்ஜ் கோட்டையில இருந்து வந்த ஆயுதங்கள் இருக்கு. கோட்டைக்குள்ளயே இருக்கற மியூசியத்துலயும் பழைய துப்பாக்கிகளைப் பார்க்கலாம். அடுத்த தடவை சென்னை போனா மெரினா, மால் எல்லாம் முடிச்சுட்டு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாடி நிக்கறப்போ ‘இதுல எத்தனை பேரைச் சுட்டிருப்பாங்க?’ன்னுதான் எல்லாருக்கும் முதல்ல தோணும். அதோட சேர்த்து, ‘இதை யாரு கையில கொடுத்தாங்க... யாருக்குக் கொடுக்கலை?’ன்னும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதில் அந்தக் குழல் வாயிலயே இருக்கும்!